போகாமல் நின்ற பிரபு: ழான் த ழுவான்வீலும் ஒரு புனிதரைப் பற்றிய சாட்சியமும்

1267ஆம் ஆண்டின் தவக்காலத்தில் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் லூயி தம் பிரபுக்களைப் பாரிசுக்கு அழைத்தார். எதற்காக அழைக்கிறார் என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அழைக்கப்பட்டவர்களுள் ஷாம்பேன் பகுதியின் செனஷலான ழான் த ழுவான்வீலும் ஒருவர். தமக்கு நான்காம் முறைக் காய்ச்சல் கண்டிருப்பதால் வர இயலாது என்று அவர் சொல்லியனுப்பினார். காய்ச்சலைத் தீர்க்கும் மருத்துவர்கள் தம்மிடம் இருப்பதாக அரசர் பதில் அனுப்பினார். ழுவான்வீல் பாரிசுக்குப் போனார். மார்ச் 25 அன்று அரசர் இரண்டாம் முறையாகச் சிலுவை ஏற்றார். அவருடைய புதல்வர் மூவரும் உடன் ஏற்றனர். அரசரும், ஷாம்பேன் பிரபுவும் நவார் அரசருமான ஐந்தாம் திபோவும் ழுவான்வீலையும் சேர வற்புறுத்தினர். அவர் மறுத்தார்.

மறுப்புக்கு அவர் சொன்ன காரணம் இடைக்கால ஐரோப்பிய வரலாற்றைப் பயில்வோர் மறக்கக்கூடாத ஒன்று. முதல் முறை தாம் கடல் கடந்து இறைவனுக்கும் அரசருக்கும் பணி செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், பிரான்ஸ் அரசரின் அதிகாரிகளும் நவார் அரசரின் அதிகாரிகளும் தம் மக்களை அழித்து வறியவர்களாக்கிவிட்டனர் என்றார் அவர். தாம் மீண்டும் புறப்பட்டால் அம்மக்கள் ஒருபோதும் தலையெடுக்க முடியாது; இறைவனுக்கு உகந்தது எதுவென்று கேட்டால், இங்கேயே இருந்து அவர்களைக் காப்பதுதான் என்றார். பின்னாளில் புனிதராக அறிவிக்கப்பட்ட ஓர் அரசரின் முகத்துக்கு நேரே, அவருடைய நிருவாகத்தின் மீது அவருடைய நண்பரே வைத்த குற்றச்சாட்டு இது. அந்த அரசரின் புனிதத்தைப் போற்றுவதற்காக எழுதப்பட்ட நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. இந்த முரணை விளங்கிக்கொள்ள ழுவான்வீலின் வாழ்வைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அவர் 1225 வாக்கில் பிறந்தவர். மார்ன் ஆற்றங்கரைக் குன்றின்மீது அவருடைய குடும்பக் கோட்டை இருந்தது. தந்தை சிமோன் ஷாம்பேனின் செனஷல். பிரபுவின் அவையிலும் நிருவாகத்திலும் முதன்மை பெற்றிருந்த அப்பதவி அக்குடும்பத்தில் பரம்பரையாக வந்தது. தந்தை 1233இல் இறந்தபோது ழான் சிறுவன். கவிஞராகவும் புகழ்பெற்ற ஷாம்பேன் பிரபு நான்காம் திபோவின் அவையில் அவர் வளர்ந்தார். 1241இல் சோமூர் நகரில் அரசர் நடத்திய பெருவிருந்தில், தம் பிரபுவின் முன் நின்று இறைச்சி அரிந்து பரிமாறிய இளைஞர்களில் அவரும் ஒருவர். அரசர் லூயியின் அவையைக் கண்டதாக அவர் குறிப்பிடும் முதல் நிகழ்ச்சி அதுவே.

1248இல் ஏழாம் சிலுவைப் போருக்கான புறப்பாடு நெருங்கியது. ழுவான்வீலுக்கு அப்போது இருபத்து மூன்று வயது இருக்கலாம். அவ்வாண்டு ஈஸ்டர் காலத்தில் தம் குடிகளையும் தமக்குக் கட்டுப்பட்ட மானியக்காரர்களையும் கோட்டைக்கு வரவழைத்தார். அந்த நாட்களில்தான் அவருடைய மகன் பிறந்திருந்தான். விருந்தும் நடனமுமாகச் சில நாள்கள் கழிந்தன. பின்னர் அவர்களிடம், தாம் திரும்பி வருவோமா என்று தெரியாது, தம்மால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்திருந்தால் சொல்லுங்கள், ஈடு செய்கிறேன் என்றார். அவர்கள் தயக்கமின்றிப் பேச வேண்டும் என்பதற்காகத் தாம் அவையிலிருந்து எழுந்து சென்றார். அவர்கள் முடிவு செய்ததை விவாதமின்றி ஏற்றுக்கொண்டார். தாயார் உயிரோடு இருந்ததால் ஆண்டுக்கு ஆயிரம் லிவ்ர் வருவாய் தரும் நிலம்கூட அவர் கையில் இல்லை. ஆயினும் நியாயமில்லாத ஒரு காசும் தம்மோடு வரக்கூடாது என்று கருதி, மெட்ஸ் நகருக்குச் சென்று நிலத்தின் பெரும்பகுதியை அடகு வைத்தார். ஒன்பது வீரப் பிரபுக்கள் அவரோடு புறப்பட்டனர்.

அந்த ஆண்டில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. பயணத்துக்கு முன் அரசர் தம் பிரபுக்களைப் பாரிசில் கூட்டி, தமக்கு ஏதேனும் நேர்ந்தால் தம் பிள்ளைகளுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்கச் செய்தார். ழுவான்வீல் உறுதிமொழி எடுக்க மறுத்தார். தாம் ஷாம்பேன் பிரபுவின் ஆள், அரசரின் நேரடி ஆள் அல்லர் என்பது அவர் வாதம். நிலமானிய அமைப்பில் விசுவாசம் என்பது யாருக்கு யார் கடமைப்பட்டவர் என்ற துல்லியமான கணக்கு. அந்தக் கணக்கை இளம் வயதிலேயே அவர் தெளிவாக வைத்திருந்தார். 1267இன் மறுப்பைத் திடீர் மனமாற்றமாகக் கருத முடியாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டையை விட்டு அவர் வெறுங்காலோடு, யாத்திரிகர் கோலும் பையும் ஏந்திப் புறப்பட்டார். அருகிலிருந்த திருத்தலங்களுக்கு நடந்துபோகும் வழியில் கோட்டையைத் திரும்பிப் பார்க்க அவர் துணியவில்லை. பார்த்தால் விட்டுவிட்டு வந்த இரண்டு பிள்ளைகளை நினைத்து மனம் இளகிவிடும் என்று அஞ்சினார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த அச்சத்தை அவர் மறைக்காமல் எழுதினார். ஆகஸ்டில் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறினார். சைப்ரஸ் சேர்ந்தபோது கையில் எஞ்சியது 240 லிவ்ர் மட்டுமே. உடன்வந்த வீரர்களில் சிலர் விலகிவிடுவதாகச் சொல்லத் தொடங்கினர். நிக்கோசியாவில் இருந்த அரசர் அவரை அழைத்து 800 லிவ்ர் கொடுத்துத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். ஒரு பிரபுவின் பணமுடையில் தொடங்கிய உறவு அங்கிருந்து நட்பாக வளர்ந்தது.

1249 ஜூனில் படை எகிப்தின் டமியெட்டாவை எளிதாகக் கைப்பற்றியது. 1250 பிப்ரவரி 8 அன்று மன்சூராவில் நிலைமை மாறியது. அரசரின் தம்பி ரொபேர் த அர்த்துவா அவசரப்பட்டு நகருக்குள் பாய்ந்து தம் படைப்பிரிவோடு மடிந்தார். அன்று ழுவான்வீல் ஒரு சிறு பாலத்தைக் காத்து நின்றார். அவர் உடலில் ஐந்து அம்புக் காயங்கள்; அவர் குதிரைக்குப் பதினைந்து. இரவில் எகிப்தியர் எறிந்த கிரேக்கத் தீயின் ஒலியையும் ஒளியையும் அவர் விவரிக்கும் பகுதிகளில் பயம் அப்படியே தெரிகிறது. வீரத்தைப் பாடும் காவியங்கள் மலிந்திருந்த காலத்தில், தம் பயத்தைப் பதிவு செய்த பிரபு அவர்.

போருக்குப் பின் பாசறையில் நோய் பரவியது. ஈறுகள் அழுகி, கால்களில் கருந்திட்டுகள் படர்ந்து ஆட்கள் மடிந்தனர். நோயாளியாகக் கிடந்த ழுவான்வீலின் கூடாரத்தில் பூசை செய்துகொண்டிருந்த குருவானவர் நடுவில் மயங்கிச் சாய்ந்தார். ழுவான்வீல் படுக்கையிலிருந்து எழுந்துபோய் அவரைத் தாங்கிப் பிடித்தார். குருவானவர் பூசையை முடித்தார்; அதுவே அவர் பாடிய கடைசிப் பூசை. ஏப்ரலில் படை பின்வாங்கியபோது ழுவான்வீல் நைல் ஆற்றில் படகிலேயே சிறைப்பட்டார். பிடிபடுமுன் தம் நகைகளையும் திருப்பண்டங்களையும் ஆற்றில் எறிந்தார். எதிர்ப்படையைச் சேர்ந்த ஓர் இசுலாமியர் அவரைக் கட்டியணைத்து, இவர் அரசரின் உறவினர் என்று கூவிக் கொலையிலிருந்து காத்தார். அது பொய். அந்தப் பொய்யால்தான் தாம் பிழைத்ததாக ழுவான்வீல் நன்றியோடு எழுதுகிறார்.

அரசரும் சிறைப்பட்டிருந்தார். மீட்புத்தொகை நான்கு இலட்சம் லிவ்ர் என்று முடிவாயிற்று. பாதியை எகிப்தை விட்டுப் புறப்படுமுன் செலுத்த வேண்டும். எண்ணிக் கொடுக்கையில் முப்பதாயிரம் குறைந்தது. டெம்ப்ளர் துறவிப்படையினரின் கப்பலில் பிறர் ஒப்படைத்த பணம் இருந்தது. அதைத் தர அவர்களின் விதி இடம்கொடுக்கவில்லை. ழுவான்வீல் கோடரியைக் கையில் எடுத்து, பேழையை உடைக்கத் தயார் என்று காட்டினார். வன்முறைக்கு உட்பட்டுத் தந்ததாகக் கொள்ளலாம் என்பதால் சாவி வந்தது. பின்னர், எடை போட்டபோது எகிப்தியரைப் பத்தாயிரம் லிவ்ர் ஏமாற்றிவிட்டதாக ஒரு பிரபு பெருமையடித்தார். அரசர் சினம் கொண்டு, குறைந்த தொகையைச் செலுத்திவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். அரசரின் வாய்மைக்கு இந்நிகழ்ச்சியைத்தான் ழுவான்வீல் பின்னாளில் சான்றாக வைத்தார்.

விடுதலைக்குப் பின் அக்ரே நகரில் நடந்த ஆலோசனை இந்த வாழ்வின் முதல் திருப்பம். நாடு திரும்புவதா, தங்குவதா என்று அரசர் கேட்டார். பெரும்பிரபுக்கள் திரும்பச் சொன்னார்கள். ழுவான்வீல் தங்கச் சொன்னார். எகிப்தில் இன்னும் ஆயிரக்கணக்கான எளியவர்கள் சிறையில் இருந்தனர். அரசர் போய்விட்டால் அவர்களை மீட்க ஆளில்லை. புறப்படுமுன் தம் உறவினர் ஒருவர் சொன்ன அறிவுரை அவர் நினைவில் இருந்தது. தன்னோடு வந்த எளிய மக்களை எதிரியின் கையில் விட்டுவிட்டு ஊர் திரும்பும் எந்த வீரனும், ஏழையானாலும் செல்வனானாலும், இகழ்ச்சிக்கு உரியவனே என்பது அதன் சாரம். அவையிலிருந்தவர்கள் அவரை ஏசினர். உணவு வேளையில் அரசரும் அவரிடம் பேசவில்லை. மனம் நொந்து ஒரு சாளரக் கம்பிகளில் கைகளை நுழைத்துக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து யாரோ அவர் தலைமீது இரு கைகளையும் வைத்தார். விரலில் இருந்த மரகத மோதிரத்தைக் கண்டபின்தான் அது அரசர் என்று தெரிந்தது. இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு எதிராகப் பேச எப்படித் துணிந்தாய் என்று கேட்ட அரசர், தாம் தங்கப்போவதை இரகசியமாகச் சொன்னார். 1254 வரை அரசர் அங்கேயே இருந்தார், ழுவான்வீலும் இருந்தார்.

வரலாற்று மாணவர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். இந்தக் காட்சியை முழுமையாக நம்பலாமா? 1250 ஆகஸ்டில் அரசர் லூயி அக்ரேயிலிருந்து தம் நாட்டு மக்களுக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. அதில், தாம் புறப்பட்டால் புனித நாடு பறிபோகும் என்று கருதிப் பிரபுக்களில் பெரும்பாலோர் தங்கவே ஆலோசனை சொன்னதாக அரசர் குறிப்பிடுகிறார். ழுவான்வீலின் நூலிலோ அவர் ஏறக்குறையத் தனித்து நிற்கிறார். இரண்டில் ஒன்று நிகழ்வுக்கு உடனடிப் பின் எழுதப்பட்டது. மற்றது அரை நூற்றாண்டு கழித்து முதியவர் ஒருவரின் நினைவிலிருந்து வந்தது. ஆனால் கடிதம் என்பதால் மட்டும் அது நடுநிலையான ஆவணம் ஆகிவிடாது. நாட்டு மக்களிடம் ஆளும் பணமும் கேட்கும் அரசருக்கு, பிரபுக்களின் ஆதரவைப் பெருக்கிக் காட்டும் தேவை இருந்தது. முதியவருக்கு, அரசரின் தீர்மானத்தில் தம் பங்கைப் பெருக்கிக் காட்டும் ஆசை இருந்திருக்கலாம். ஒன்றை மெய் என்றும் மற்றதைப் பொய் என்றும் தள்ளாமல், ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பதே இங்கே ஆய்வாளரின் வேலை. மோதிரக் காட்சியில் உரையாடல் சொல்லுக்குச் சொல் நிகழ்ந்திருக்காது. ஆனால் தலைமீது பட்ட கைகளை ஒருவர் அரை நூற்றாண்டு மறக்காமல் இருந்தார் என்பதும் ஒரு சான்றுதான்.

இப்போது 1267க்குத் திரும்பலாம். அக்ரேயில் தங்கச் சொன்னவர் பாரிசில் புறப்பட மறுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் இளமையின் ஆவேசம் நடுவயதின் எச்சரிக்கையாக மாறிவிட்டதாகத் தோன்றும். காரணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரிகிறது. அக்ரேயில் அவர் முன்வைத்தது சிறையிலிருந்த எளியவர்களை. பாரிசில் முன்வைத்தது அதிகாரிகளால் சீரழிந்த தம் குடிகளை. தன்னை நம்பியவர்களைக் கைவிட்டுப் போகலாகாது என்ற ஒரே நெறி இரு இடங்களிலும் செயல்படுகிறது. முதலில் அது அவரைக் கடலுக்கு அப்பால் நிறுத்தியது. பிறகு ஊரிலேயே நிறுத்தியது.

இந்த நெறியை அப்பழுக்கற்றதாகக் கொள்ளவும் முடியாது. அக்குடிகளின் உழைப்பே அவருடைய வருவாய். அவர்கள் வறுமையுற்றால் அவரும் வறுமையுறுவார். தம் உரிமைகளை விட்டுக்கொடுக்காதவர் அவர். அண்டையிலிருந்த சேன் உர்பேன் மடத்தின் காவலுரிமை தமக்கே என்று வழக்காடியவர். அரசு அதிகாரிகள் மீதான அவருடைய சினத்தில், வளர்ந்துவரும் மைய அதிகாரத்தின் முன் தம் அதிகாரம் சுருங்குவதைக் கண்ட பிரபுவின் சினமும் கலந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிரான்சில் அரசின் விரிவாக்கம் உள்ளூர்ப் பிரபுக்களின் கொடுமைக்கு ஒருபுறம் தடையாக இருந்தது. மறுபுறம் புதிய வசூல்காரர்களை ஊருக்குள் கொண்டுவந்தது. வென்சேன் காட்டில் ஓக் மரத்தடியில் அமர்ந்து ஏழைகளின் வழக்குகளைக் கேட்ட அரசர் லூயியின் புகழ்பெற்ற சித்திரத்தை நமக்குத் தந்தவர் ழுவான்வீல்தான். அதே அரசரின் சேவகர்கள் ஷாம்பேனில் மக்களைச் சுரண்டியதைச் சொன்னவரும் அவர்தான். இரண்டையும் ஒரே கையில் பெறுவதுதான் இந்தச் சான்றின் அருமை.

அரசரைப் பயணத்துக்குத் தூண்டியவர்கள் பெரும்பாவம் செய்தார்கள் என்று அவர் எழுதினார். காரணத்தையும் தருகிறார்: அரசர் இருந்தவரை நாடு அமைதியில் இருந்தது; அவர் போனபின் நிலைமை கெட்டது. மேலும் அரசரின் உடல் அப்போதே தளர்ந்திருந்தது. குதிரையேறவோ கவசம் தாங்கவோ வலுவில்லை. ழுவான்வீல் விடைபெற்ற அன்று, ஓசேர் பிரபுவின் மாளிகையிலிருந்து பிரான்சிஸ்கன் மடம் வரை அரசரைத் தம் கைகளில் சுமந்து சென்றார். யாரோடு போக மறுத்தாரோ அவரைச் சுமந்த அந்தத் தூரம்தான் இருவரும் சேர்ந்து சென்ற கடைசிப் பயணம். 1270 ஆகஸ்ட் 25 அன்று துனிஸ் அருகே பாசறையில் நோயால் அரசர் இறந்தார். முந்தைய தோல்வியின் நடுவே டமியெட்டாவில் பிறந்த அவர் மகன் ழான் திரிஸ்தான் அதே மாதத்தில் அங்கேயே இறந்திருந்தான். ழுவான்வீலை வற்புறுத்திய மற்றவரான ஐந்தாம் திபோ, திரும்பும் வழியில் சிசிலியில் இறந்தார்.

1282இல் அரசரின் புனிதத்தை விசாரிக்கத் திருத்தந்தையால் அனுப்பப்பட்டவர்கள் சேன் தெனி மடத்தில் சாட்சிகளைக் கேட்டனர். ழுவான்வீல் இரண்டு நாள் சாட்சியம் அளித்தார். 1297இல் அரசர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அவருடைய எச்சங்கள் உயர்பீடத்தில் வைக்கப்பட்டபோது, மறையுரை ஆற்றிய துறவி அந்தப் பத்தாயிரம் லிவ்ர் நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்குச் சாட்சியான மனிதர் இதோ அமர்ந்திருக்கிறார் என்று ழுவான்வீலைச் சுட்டினார்.

பின்னர் அரசி ஷான் த நவார் கேட்டுக்கொண்டதன்பேரில் நூலைத் தொடங்கினார். அரசி 1305இல் இறந்தார். 1309 அக்டோபரில் முடிந்த நூலை அவருடைய மகனும் பின்னாளில் பத்தாம் லூயி ஆனவருமான இளவரசருக்குப் படைத்தார். புனிதரின் வாழ்க்கையை அக்காலத்தில் துறவியரும் குருமாரும் இலத்தீனில் எழுதுவதே பெருவழக்கு. ஒரு பிரபு தம் தாய்மொழியான பிரெஞ்சில், தாம் கண்டதைத் தம் குரலிலேயே சொன்னது புதுமை. தாம் கண்டதையும் பிறரிடமிருந்து பெற்றதையும் வேறுபடுத்திச் சொல்கிறார். புகழுக்கு நடுவே குறைகளும் வருகின்றன. ஐந்து ஆண்டு உடனிருந்தும் அரசர் தம் மனைவி மக்களைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. இது நல்ல பழக்கமன்று என்று அவர் எழுதினார். தொழுநோயாளியாவதைவிட முப்பது பெரும்பாவங்கள் செய்வதே மேல் என்று தாம் அரசரிடம் சொன்னதையும், அதற்காக அரசர் கண்டித்ததையும் மறைக்கவில்லை. அப்போது ஆட்சியிலிருந்த அரசர் நான்காம் பிலிப் தம் தவறுகளைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையும் நூலில் உண்டு. தாத்தாவின் புனிதம் பேரனுக்கு அளவுகோலாகிறது.

அந்த அளவுகோலை அவர் நூலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1314இல், தொண்ணூறை நெருங்கும் வயதில், அரசரின் வரிகளை எதிர்த்து ஷாம்பேன் பிரபுக்கள் அமைத்த கூட்டணியில் சேர்ந்தார். 1315இல், பத்தாம் லூயியின் போர் அழைப்புக்குப் பதில் எழுதுகையில், அரசரைப் பழைய வழக்கப்படி வெறும் நல்ல பிரபு என்று மட்டும் விளித்ததற்குப் பொறுத்தருள வேண்டினார். முன்னிருந்த அரசர்களையும் தாம் அப்படித்தான் அழைத்ததாக விளக்கினார். 1317 டிசம்பர் 24 அன்று இறந்தார். அவருடைய நூல் நெடுங்காலம் சில சுவடிகளில் மட்டுமே வாழ்ந்தது. 1547இல்தான் முதன்முதலாக அச்சேறியது. இன்று அரசர் லூயியைப் பற்றி எழுதும் எவரும் அவரைக் கடந்துபோக முடியாது.

நூலின் இறுதியை நெருங்கும்போது அவர் ஒரு கனவைச் சொல்கிறார். அரசர் இறந்து ஆண்டுகள் கழிந்தபின், ழுவான்வீல் கோட்டையின் சிற்றாலயத்துக்கு முன் அவர் நிற்பதைக் கண்டார். அரசர் மகிழ்ச்சியாக இருந்தார். ஷெவியோன் என்ற ஊரிலுள்ள தம் வீட்டில் தங்க வைக்கிறேன் என்று ழுவான்வீல் சொன்னார். அரசர் சிரித்துக்கொண்டே, இங்கிருந்து இவ்வளவு சீக்கிரம் போக விருப்பமில்லை என்றார். விழித்தெழுந்த ழுவான்வீல், அவரை அந்தச் சிற்றாலயத்திலேயே தங்க வைப்பது என்று முடிவு செய்து அங்கே அவருக்கு ஒரு பீடம் அமைத்தார். அங்கு என்றும் பூசை நடக்க நிதியும் ஒதுக்கினார்.